புதன்கிழமை விரதம்

அந்த வீட்டில் கொடுத்த டீயை நான் ஏன் வாங்கிக் குடிக்கவில்லை?

இதற்குப் பதில் இல்லாமல் இல்லை. துணி காயப்போடும்போது ஒன்று தோன்றும், குழந்தையைத் தூங்க வைக்கும்போது வேறொன்று தோன்றும். மறுநாள் காலையில் இரண்டுமே பொய்யாகத் தெரியும்.

நல்லூரில் எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் பனியன் துணி ஓட்டும் நிட்டிங் மெஷின்கள். மேலே நாங்கள் குடியிருக்கிறோம். எனக்குக் கல்யாணமான வருடமே மாமனார் தொண்டைப் புற்றுநோயில் போய்விட்டார். கடைசி நாட்களில் அவர் கத்துவது மெஷின் சத்தத்தையும் தாண்டிக் கேட்கும். வலியைக் குறைக்க மருந்து இருக்கிறது, வீட்டிலேயே வைத்துப் பார்க்கலாம் என்று சொல்ல அன்றைக்கு எங்களுக்கு ஆளில்லை. பிறகு சில வருடங்கள் கழித்து, அப்படிப்பட்ட நோயாளிகளை வீட்டுக்கே போய்ப் பார்க்கத் தொண்டர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள் என்று தெரிந்தபோது, மாமியாரே என்னிடம், "போய்ட்டு வா கண்ணு, பையனை நான் பாத்துக்கறேன்" என்றார். பையனுக்கு அப்போது நடை பழகியிருந்தது. இன்னும் தாய்ப்பால் மறக்கவில்லை.

ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் வகுப்பு. முகூர்த்தம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் நடக்கும். வலி தணிப்புப் பயிற்சி என்று வெளியே தாளில் எழுதி ஒட்டியிருந்தார்கள். அது யார் வாயிலும் நுழையவில்லை. எல்லோரும் 'வலி கிளாஸ்' என்றுதான் சொன்னோம். நாகர்கோவில் பக்கத்து நர்ஸ் ஒருவர் நடத்தினார். சிஸ்டர் என்று கூப்பிடுவோம். படுத்தே இருப்பவரை எப்படிப் புரட்டிப் படுக்க வைப்பது, வாயை எப்படிச் சுத்தம் செய்வது, நாற்றமடிக்கிற புண்ணை முகம் சுளிக்காமல் எப்படிக் கழுவுவது என்றெல்லாம் சாப்பாட்டு மேசைமேல் ஒருவரைப் படுக்க வைத்துக் காட்டுவார். அடியில் போடும் துணிக்கு மட்டும் எங்கள் ஊரில் பஞ்சமில்லை. கம்பெனிகளில் வெட்டி மிஞ்சுகிற பனியன் துண்டுகளை வேகவைத்துக் காயப்போட்டுத் தைத்துக்கொண்டோம்.

"கேன்சரு ஒட்டிக்குமாங்க சிஸ்டர்?" என்று ஒரு பெண் கேட்டாள். சிஸ்டர் பதில் சொல்லுமுன் நான் எழுந்து, ஒட்டாது என்று விளக்கினேன். நான் விலங்கியல் பட்டதாரி. சிஸ்டர் என்னைப் பாராட்டினார். பிறகு பொதுவாகச் சொன்னார்: "நோயாளி வீட்டுக்குப் போனா நின்னுட்டே பேசாதீங்க. உக்காருங்க. குடிக்க ஏதாச்சும் தந்தா வாங்கிக் குடிங்க. இந்த மாதிரி வீட்டுல வர்றவங்க யாரும் கை நனைக்க மாட்டாங்க. அது அவங்களுக்குத் தெரியும்."

நான் தலையாட்டினேன்.

எனக்கு முதலில் தரப்பட்ட நோயாளி, ஊருக்கு அக்கட்டால, தள்ளி இருக்கும் காலனியில் இருந்த ஓர் அம்மா. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தவர். மார்பில் வந்த கட்டி உடைந்து புண்ணாகியிருந்தது. ஆஸ்பத்திரியில் இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். கணவர் இல்லை. ஒரே மகள், தையல் மெஷினில் வேலை. அம்மாவுக்காக ஷிப்டை மாற்றிக்கொண்டு பாதி நாள் வீட்டிலிருந்தாள். ஒற்றை அறை, சுவரில் மாதா படம், கீழே மெழுகுவத்தி. நாங்கள் போவது புதன்கிழமைகளில்.

முதல் நாள் சிஸ்டரும் கூட வந்தார். கட்டைப் பிரித்ததும் வந்த வாடையில் எனக்குக் கண் இருட்டியது. சிஸ்டர் வாடையை அடக்கும் மாத்திரையைப் பொடி செய்து புண்ணில் தூவினார், எனக்கும் கற்றுக்கொடுத்தார். முடிந்ததும் மகள் இரண்டு எவர்சில்வர் டம்ளரில் டீ கொண்டுவந்தாள். சிஸ்டர் வாங்கிக் குடித்தார். நான், "இப்பத்தானுங்க குடிச்சுட்டு வந்தேன்" என்றேன்.

"பரவால்லீங்க மேடம், பாதியாச்சும்" என்றாள் மகள்.

"இல்லீங்க, வேண்டாங்க."

அந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "மேடத்துக்கு எந்த ஊருங்க?" என்றார்.

"அவிநாசிப் பக்கமுங்க."

"அவிநாசியிலயேங்களா?"

"இல்லீங்க. தோட்டத்துல."

"அப்படீங்களா" என்றார். எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் கேட்க வேண்டியதில்லை. எந்த ஊர், தோட்டமா காலனியா என்பதிலேயே எல்லாம் வந்துவிடும். அவர் மகளிடம் திரும்பி, "டம்ளரை எடுத்து வெச்சுரு அம்மிணி" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. தெரியாமல் நடந்த ஒரு தவற்றைச் சரிசெய்வது போலச் சொன்னார்.

திரும்பும் வழியில் சிஸ்டர் தன் ஊர்ப் பேச்சில், "என்ன மக்களே, ஒரு வாய் சாயாவுல என்ன இருக்கு?" என்றார். வயிறு சரியில்லை என்றேன். வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்துவிட்டுத்தான் பையனைத் தூக்கினேன். பால் கொடுக்கிற உடம்பு, அந்த வாடையோடு எதையும் வாயில் வைக்க முடியாது, குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். ஒட்டாது என்று எழுந்து நின்று விளக்கியவள் நான்.

அடுத்த புதன் தனியாகப் போனேன். புண்ணைக் கழுவிக் கட்டி முடித்தேன். வாடை வெகுவாகக் குறைந்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரி முந்தின நாள் உள்ளே வந்து உட்கார்ந்து பேசிவிட்டுப் போனதாக அந்த அம்மா சந்தோஷமாகச் சொன்னார். நான் கை கழுவிக்கொண்டு வருவதற்குள், மகள் என் முன்னால் ஒரு பாட்டில் கலர் சோடாவைக் கொண்டுவந்து வைத்தாள். பக்கத்தில் ஓப்பனர்.

"கடையில வாங்குனதுங்க" என்றார் அந்த அம்மா. "மூடி கூடத் தொறக்கலீங்க. நீங்களே தொறந்துக்கலாங்க. எங்க பாத்திரம் எதுவும் படலீங்க."

தரையில் விரிசல் இருந்தால் அதில் போயிருப்பேன். குடித்தால், ஆமாம், அதற்காகத்தான் டீ வேண்டாமென்றேன் என்று ஒப்புக்கொண்டதாக ஆகும். குடிக்காவிட்டால், பாட்டிலைக்கூடத் தொடமாட்டாள் என்று ஆகும். டீயே கொடுங்கள் என்று கேட்டிருக்கலாம். இவ்வளவு சின்ன வழி இருந்தது எனக்கு வீட்டுப் படி ஏறும்போதுதான் தோன்றியது. அங்கே வாயில் வந்தது இதுதான்:

"விரதமுங்க."

"புதன்கிழமை என்ன விரதமுங்க?" என்றாள் மகள். வெகுளியாகத்தான் கேட்டாள். வெள்ளி, செவ்வாய், சஷ்டி, கிருத்திகை எல்லாம் அவளுக்கும் தெரியும்.

"ஒரு வேண்டுதலுங்க."

"யாருக்குங்க?"

அந்த அம்மாவின் புண்ணில் கட்டி மிஞ்சிய துணி என் கையில் இருந்தது. அதை மடித்துக்கொண்டே தலையைக் குனிந்துகொண்டேன். நிமிர்ந்தபோது அந்த அம்மாவின் கண்ணில் தண்ணீர்.

"எனக்காகவா கண்ணு?" என்றார்.

அது வரையில் நான் மேடம். அந்த நிமிடத்திலிருந்து கண்ணு. இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"எந்தச் சாமிக்கு?" என்று கேட்டார். எல்லாச் சாமிக்கும்தான் என்று எதையோ உளறினேன். மகள் சிரித்துக்கொண்டு, "பாத்தியாம்மா, நம்ம மாதாவுக்கும் சேத்தி இருக்கறாங்க. நீயும் நானும் தவக்காலத்துலயே திருட்டுத்தனமா முறுக்குத் தின்போம்" என்றாள். அவர்கள் இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அதற்குப் பிறகு அங்கே எனக்கு யாரும் எதுவும் கொடுக்கவில்லை. வருகிறவர்களிடமெல்லாம் அந்த அம்மா சொல்வார்: "பெரிய ஊட்டுப் புள்ளைங்க. எனக்காகப் புதன்கிழமை புதன்கிழமை பச்சத்தண்ணி குடிக்கறதில்ல." அவர்கள் என்னைப் பார்த்துக் கும்பிடுவார்கள். வயதில் என் அம்மாவை ஒத்த ஒரு பெண் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

பொய்யை உண்மையாக்கிவிடலாம் என்று நினைத்துப் புதன்கிழமைகளில் நிஜமாகவே சாப்பிடாமல் இருக்க ஆரம்பித்தேன். மாமியார் கண்டுபிடித்துவிட்டார். "பால் குடிக்கற கொழந்தைய வெச்சுட்டு இது என்ன புதுசா? எந்தக் கோயில்ல சொன்னாங்க?" என்று சத்தம் போட்டார். அவரிடமும் வேண்டுதல் என்றேன். பசியில் தலை சுற்றும்போது கொஞ்சம் நிம்மதியாக இருக்கும். ஆனால் பசிக்கும் அந்த அம்மாவுக்கும் சம்பந்தமில்லை, அது என்னைச் சமாதானப்படுத்திக்கொள்ளும் பசி என்பதும் தெரியும்.

அந்தச் சமயத்தில் அவிநாசியில் எனக்குச் சின்னம்மா முறையாகிற ஒருவருக்கும் அதே நோய் இருந்தது. ஒரு நாள் பார்க்கப் போனேன். படுக்கையருகில் உட்கார்ந்து பேசினேன். மோர் கொடுத்தார்கள். குடித்தேன். நல்ல வெயில், இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தேன். பஸ் ஏறி உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அதே நோய், அதே நான், அதே பால் கொடுக்கிற உடம்பு.

உடனே சாக்குகளும் வந்துவிட்டன. சின்னம்மாவுக்குப் புண் வெளியே இல்லை. வாடை இல்லை. சொந்தக்காரர் வீடு, பழகிய இடம். இவை எல்லாமே உண்மைதான். குழந்தைக்குப் பயந்துதான் குடிக்கவில்லை என்று சொன்னால் எல்லோரும் என்னை மன்னித்துவிடுவார்கள். அப்படி எளிதாக மன்னிப்புக் கிடைக்கிற பதில் என்பதாலேயே அதன்மேல் எனக்குச் சந்தேகம். எங்கள் அம்மா வீட்டில் மாட்டுக்கொட்டகை ஓரத்தில் இரண்டு டம்ளர்கள் தனியாகக் கவிழ்த்து வைத்திருக்கும். வேலைக்கு வருகிறவர்களுக்கு. நான் கல்லூரியில் படிக்கும்போது அது தப்பு என்று அம்மாவிடம் சண்டை போட்டிருக்கிறேன். சண்டை போட்டவளுக்குள் அது இல்லாமல் போய்விட்டது என்று நினைத்திருந்தேன்.

அந்த அம்மாவுக்கு நாளாக ஆக உடம்பு இளைத்துக்கொண்டே வந்தது. டாக்டர் கொடுத்த மாத்திரையில் வலி கட்டுப்பட்டிருந்தது. என் மாமனாரைப் போல அவர் கத்தவில்லை. அது எங்கள் வகுப்பால் நடந்தது, அதில் எனக்கும் பங்கு உண்டு. அதை நினைத்துப் பெருமைப்படக்கூட என்னால் முடியவில்லை.

ஒரு புதன்கிழமை, நான் தலையணையைச் சரிசெய்துகொண்டிருந்தபோது, "கண்ணு, அந்தத் தண்ணிய எடு" என்றார். குடிக்கக் கேட்கிறார் என்று நினைத்து டம்ளரை வாய்ப்பக்கம் கொண்டுபோனேன். அவர் தலையை ஆட்டி, என் கையோடு டம்ளரை என் பக்கம் திருப்பினார்.

"எனக்கில்ல. நீ குடி. நான் போயிட்டா உன்ற விரதத்த யாரு முடிச்சு வெக்கறது? இப்பவே என்ற கையால முடிச்சுரு."

மகள் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வெறும் தண்ணீர். இவருக்கு எல்லாம் தெரியுமோ, தெரிந்தே எனக்கு ஒரு வழி விடுகிறாரோ என்று ஒரு கணம் தோன்றியது. அவர் முகத்தில் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"நீங்க எந்திரிச்சு உக்காருங்க, அன்னைக்கு முடிச்சுக்கறேனுங்க" என்றேன்.

"நெம்பப் புடிவாதம்" என்று சிரித்தார். கையை எடுத்துக்கொண்டார்.

அடுத்த புதன் வருமுன் இறந்துவிட்டார். தூக்கத்திலேயே போய்விட்டதாக மகள் சொன்னாள். நான் போய் மாலை வரை இருந்தேன். சாவு வீட்டில் யாரும் எதையும் குடிக்கத் தரமாட்டார்கள். அங்கே உட்கார்ந்திருந்தபோது அந்த நிம்மதி எனக்கு வந்தது. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

இதோடு முடிந்திருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன்.

காரியங்கள் முடிந்ததும் மகள் வகுப்பில் சேர்ந்தாள். அம்மாவைப் பார்த்த கை என்பதால் அவளுக்குச் சொல்லித்தர அதிகமில்லை. வேலை நன்றாகப் பரவிக்கொண்டிருந்த சமயம் அது. அவிநாசிப் பக்கம் ஒரு குழு, சாமளாபுரத்தில் தறிக்காரர்கள் இருக்கும் தெருக்களுக்கு ஒரு குழு என்று பிரித்தார்கள். கம்பெனிகளில் அவளோடு தைக்கிற பெண்களை அவளே அழைத்துவந்தாள். சாமளாபுரம் குழுவுக்கு அவள்தான் பொறுப்பு. போகிற நாளெல்லாம் அவள் விரதம். அவளைப் பார்த்து அந்தப் பெண்களும் விரதம். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. "நோயாளிக்காக நாமளும் கொஞ்சம் தாங்கோணுமுல்ல" என்று அவர்களே பேசிக்கொண்டார்கள். நோயாளி வீட்டில் யாரும் கை நனைப்பதில்லை என்பது ஒரு பழக்கமாகிவிட்டது. சிஸ்டருக்கு மட்டும் பிடிக்கவில்லை. "இதை நான் சொல்லிக் குடுக்கலையே, எங்கேருந்து வந்துது?" என்று கேட்டார். மகள் பெருமையோடு என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

போன மாதம் அவள் அழுதுகொண்டே எங்கள் வீட்டுக்கு வந்தாள். சாமளாபுரத்தில் வாய்ப் புற்றுநோயோடு இருக்கிற ஒரு தறிக்காரர் வீட்டில், இனி வரவேண்டாம் என்று கதவைச் சாத்திவிட்டார்களாம். அவர் மனைவி வாசலில் நின்று தெருவுக்கே கேட்கும்படி கேட்டாராம்: "மாசக்கணக்கா வர்றீங்களே, ஒருத்தியாச்சும் ஒரு வாய் தண்ணி குடிச்சிருப்பீங்களா? எங்க ஊட்டுத் தண்ணி அவ்வளவு கேவலமாப் போச்சா?"

"விரதம்னு சொன்னனுங்க்கா" என்றாள். "அத்தன பேருக்கும் ஒரே நாள்ல விரதமான்னு சிரிக்கறாங்க. நம்பவே இல்லீங்க."

சிஸ்டர் இரண்டு முறை போய்ப் பார்த்தார். கதவு திறக்கவில்லை. அந்த மனிதருக்கு வலி மாத்திரை தீர்ந்திருக்கும். எடுத்துப் போய்க் கொடுக்க வேறு யாருமில்லை.

நான் அவளிடம், "இந்த விரதத்த விட்டுரலாம் கண்ணு. நமக்கு அது வேண்டாம்" என்று சொல்லிப் பார்த்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"எங்கம்மாவுக்கு இருந்தீங்களே. மத்தவங்களுக்கு மட்டும் வேண்டாங்களா?"

அவளே ஒரு முடிவுக்கு வந்தாள். விரதத்தைச் சரியாக எடுத்துச் சொல்லாததுதான் குறை என்று அவள் நினைக்கிறாள். பொங்கல் கழிந்து புது வகுப்பு தொடங்குகிறது. நிறையப் பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். முதல் நாளே எழுந்து நின்று, தன் அம்மாவுக்காக நான் விரதமிருந்த கதையைச் சொல்லப்போகிறாள். என்னையும் பக்கத்தில் நிற்கச் சொல்லியிருக்கிறாள். "எங்கள மாதிரி ஆளுங்களுக்கு இப்படியெல்லாம் ஒருத்தரு செய்வாங்கன்னு எங்கம்மா கடைசி வரைக்கும் சொல்லிச் சொல்லி ஆறுதல் பட்டுச்சுங்க்கா. அத எல்லாரும் கேக்கோணும்" என்றாள்.

அதைச் சொல்லவிட்டால் புதிதாக வருகிறவர்களும் யார் வீட்டிலும் தண்ணீர் குடிக்கமாட்டார்கள். இன்னும் எத்தனை கதவுகள் சாத்தப்படுமோ. சொல்லவிடாமல் தடுக்க வேண்டுமென்றால், உன் அம்மாவுக்காக நான் பட்டினி கிடக்கவில்லை, உன் வீட்டு டம்ளரை வாங்க மனசில்லாமல் பொய் சொன்னேன் என்று அவளிடம் சொல்ல வேண்டும். ஏன் மனசில்லை என்று அவள் கேட்பாள். எனக்கே தெரியாது என்று சொன்னால் நம்புவாளா? அம்மாவின் கடைசி மாதங்களில் அவளுக்கு மிஞ்சியிருக்கிற நல்ல நினைவு இது ஒன்றுதான். அதையும் பிடுங்கிக்கொள்ள எனக்கு என்ன உரிமை இருக்கிறது? சொல்லாமல் இருக்கவும் எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

சிஸ்டரிடம் மட்டும் சொல்லி அவர் மூலமாக விரதத்தைத் தடைசெய்துவிடலாமா என்றும் யோசித்தேன். அது நான் மறுபடியும் தப்பித்துக்கொள்கிற வழியாகவே தெரிகிறது. அல்லது அதுதான் யாருக்கும் வலிக்காத வழியோ? என் கணவர், "ரொம்ப யோசிக்காத, எல்லாம் சரியாயிரும்" என்கிறார். அவர் எதற்கும் அப்படித்தான் சொல்வார்.

இதைப் படிக்கிறவர்களில் அந்தப் பெண்ணின் இடத்தில் இருந்தவர்கள் யாராவது இருப்பீர்கள். டம்ளரை நீட்டியவர்கள், அது திரும்பி வரப் பார்த்தவர்கள். உங்களைத்தான் முதலில் கேட்கிறேன். உங்கள் அம்மாவாக இருந்தால், உண்மை உங்களுக்குத் தெரிய வேண்டும் என்று நினைப்பீர்களா? நான் அதை வகுப்புக்கு முன்னால் அவளிடம் தனியாகச் சொல்லட்டுமா, இல்லை, அவர்கள் எல்லோர் முன்னாலும் சொல்வதுதான் முறையா? எனக்குத் தெரியவில்லை. பொங்கலுக்கு முன் யாராவது சொல்லுங்கள்.